பவரோட்டி குரல்ல அப்படி என்னதான் இருக்கு? ஒரு வார்த்தை புரியல, ஆனா கண்ணு கலங்குது

ராத்திரிக்காத்து:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளா இங்க மத்தவங்க எழுதறதைப் படிச்சுட்டு மட்டுமே இருந்தேன், இப்பதான் முதல் தடவையா ஒரு கேள்வி கேக்கறேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

மூணு வாரம் முன்னாடி ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல எதையோ தேடிட்டு இருந்தப்ப ஒரு பழைய வீடியோ வந்துச்சு. 1990 ஜூலை 7, ரோம் நகரத்துல காரகல்லாங்கற பழைய குளியல் மண்டபத்தோட இடிபாடுகளுக்கு நடுவுல நடந்த கச்சேரி, மறுநாள் உலகக்கோப்பை ஃபுட்பால் ஃபைனல். லுச்சானோ பவரோட்டி, ப்ளாசிடோ டொமிங்கோ, ஹோசே கரேராஸ் மூணு பேரும் ஒரே மேடையில. அதுல பவரோட்டி தனியா நெஸ்ஸூன் டோர்மாங்கற ஓப்பரா பாட்டைப் பாடற இடம்தான் நான் பார்த்தது. பெரிய உடம்பு, கருகருன்னு தாடி, கையில ஒரு பெரிய வெள்ளைக் கைக்குட்டை. கடைசியில வின்செரோ வின்செரோன்னு வருதுல்ல, மூணாவது தடவை குரல் மேல ஏறி அங்கேயே நிக்குது, புருவம் ரெண்டும் மேல போகுது, கண்ணு எங்கேயோ தூரத்தைப் பார்க்குது, முடிச்ச உடனே முகம் அப்படியே இளகி சின்னப் பையன் மாதிரி ஆயிடறார். நான் அந்த கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் அன்னிக்கு ராத்திரி எத்தனை தடவை போட்டேன்னு கணக்கே இல்ல.

எனக்கு இத்தாலிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஓப்பரான்னா தொண்டை கிழிய கத்தறதுன்னுதான் இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இருந்தும் ஏன் கண்ணு கலங்குது? எங்க அப்பா நல்லா பாடுவார், ஆனா வீட்டுக்குள்ள மட்டும்தான், நாலு பேர் முன்னாடி பாடச் சொன்னா எழுந்து போயிடுவார், போன வருஷம் தவறிட்டார். அந்த நினைப்பு ஒரு காரணமா இருக்கலாம், ஆனா அது மட்டும் இல்லன்னு தோணுது. குரலா, இல்ல அந்த ஆளா, எது இப்படி பண்ணுது? அடுத்து எதைக் கேக்கலாம்னும் சொல்லுங்க.

மேல்ஷட்ஜமம்:

நான் பாட்டு கத்துக்கற ஆள், அதனால குரல் பக்கமா மட்டும் சொல்றேன், ஆளைப் பத்தி என்னைவிட நல்லா சொல்றவங்க இங்க இருக்காங்க.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, ஓப்பரா அரங்குல மைக் கிடையாது. நீங்க பார்த்த கச்சேரி திறந்தவெளி, அதனால அங்க மைக் வச்சிருந்தாங்க, ஆனா அவர் குரல் உருவானது மைக் இல்லாத மேடைகள்ல. முழு ஆர்கெஸ்ட்ரா வாசிச்சுட்டு இருக்கும்போது அதைத் தாண்டி ஒத்தை மனுஷன் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகணும். கத்தினா போகாது, தொண்டைதான் போகும். இதுல ஒரு அழகான சங்கதி இருக்கு. ஆர்கெஸ்ட்ராவோட பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் குவிஞ்சிருக்கும், மேல போகப் போக மெலிஞ்சுடும். நல்லா பழகின பாடகர் குரல்வளைக்கு மேல இருக்கற குழாயை ஒரு விதமா வச்சுக்கிட்டு 3000 ஹெர்ட்ஸ் பக்கத்துல குரலுக்கு தனி பலம் கொண்டுவருவார். அந்த இடத்துல ஆர்கெஸ்ட்ரா கிட்டத்தட்ட காலி, அந்த சந்து வழியா குரல் ஊசி மாதிரி பூந்து வந்துடும். அந்த கணீர்ங்கற தன்மைக்கு இத்தாலிக்காரங்க ஸ்குவில்லோன்னு சொல்லுவாங்க. பவரோட்டிகிட்ட அது தளும்பித் தளும்பி இருந்துச்சு.

அப்புறம் ஹை சி. ஆண் குரல்ல அந்த ஸ்வரம்னா குரல் நாண் செகண்டுக்கு சுமார் 523 தடவை அதிரணும். பழைய காலத்துல டெனர்கள், அதாவது ஆண்கள்ல மேல் ஸ்தாயி பாடறவங்க, அதைக் கள்ளக்குரல்லதான் மெல்லிசா தொட்டுட்டு வந்துடுவாங்க, 1837-ல பாரிஸ்ல ஜில்பேர் டுப்ரேன்னு ஒருத்தர் முழு மார்புக் குரல்ல பாடிக் காட்டினார், அதுல இருந்துதான் ஒவ்வொரு டெனருக்கும் இந்த ஸ்வரம் தலைமேல தொங்கற கத்தி மாதிரி ஆச்சு. டோனிசெட்டியோட 'லா ஃபீ து ரெஜிமெண்ட்' ஓப்பராவுல ஒரே பாட்டுல ஒன்பது ஹை சி வரும். முதல் எட்டு அடுக்கடுக்கா வரும், ஒன்பதாவது கடைசியில இழுத்து நிறுத்தறது. 1966-ல லண்டன் கோவென்ட் கார்டன்ல பவரோட்டி அந்த ஒன்பதையும் முழுக் குரல்ல பாடினார். 1972 பிப்ரவரி 17 நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ல அதே பாட்டு, அன்னிக்கு திரை விழுந்தப்புறம் ஜனம் விடாம கைதட்டி 17 தடவை திரும்பத் திரும்ப மேடைக்குக் கூப்பிட்டாங்க. இந்த ஒன்பது ஹை சி-யாலதான் ஹை சி ராஜான்னு பேரே வந்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஸ்வரம் இல்லங்க, அதுக்கு முன்னாடி நடந்த கதை. 1965-ல ஜோன் சதர்லேண்ட்ங்கற ஓப்பரா பாடகியோட ஆஸ்திரேலியா முழுக்க சுத்திப் பாடினாங்க. அந்த அம்மா ராத்திரிக்கு ராத்திரி குரல் கொஞ்சமும் களைக்காம பாடறதைப் பார்த்து இவர் அசந்து போயி அவங்க விலா எலும்புக்குக் கீழ கை வச்சுப் பார்த்தாராம், மூச்சு எங்க இருந்து வருது, உதரவிதானம் எப்படி தாங்குதுன்னு. அப்ப அவருக்கு கிட்டத்தட்ட முப்பது வயசு, நாலு வருஷமா ஐரோப்பாவுல முக்கிய வேஷம் பாடிட்டு இருக்கற ஆள். அந்த நிலைமையிலயும் கூடப் பாடறவங்ககிட்ட கை நீட்டிக் கத்துக்கறார் பாருங்க, வித்தை அங்கதான் கூடுது.

நீங்க கேட்ட அந்த கடைசி இடத்துக்கு வரேன். புச்சினி எழுதி வச்ச நொட்டேஷன்ல வின்செரோவோட உச்ச ஸ்வரம் பி, அது உண்மையில ரொம்பச் சின்னது, தொட்டுட்டு உடனே கீழ ஏ-க்கு வந்து அங்கதான் நிக்கணும். பாடகர்கள் காலப்போக்குல அந்த பி-யை நிறுத்திப் பாட ஆரம்பிச்சாங்க. நிறைய பேர் நிறுத்தும்போது குரல் முறுக்கேறும், பார்க்கறவங்களுக்கே கழுத்து வலிக்கும். பவரோட்டி நிறுத்தும்போது குரல் முறுக்கல, விரியுது. அடுத்த தடவை கேக்கும்போது உச்சத்தை விட்டுட்டு அங்க இருந்து இறங்கற இடத்தை கவனிங்க, பி-யில இருந்து ஏ-க்கு வரும்போது குரலோட நிறமே மாறாது. அது வரதுக்கு எத்தனை வருஷ சாதகம் வேணும்னு பாடறவங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், அட்சர சுத்தம். மொழி தெரியாதுன்னு சொன்னீங்க, ஆனா அவர் பாடினா ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா காதுல விழுதா இல்லையா? எவ்வளவு மேல போனாலும் ஆ ஆவாவே இருக்கும், ஓ ஓவாவே இருக்கும். பாடறதுங்கறது அவருக்குப் பேசறதோட நீட்சி. அதனாலதான் அர்த்தம் தெரியாமலே யாரோ நம்மகிட்ட ஏதோ முக்கியமா சொல்றாங்கன்னு மனசுக்குத் தெரியுது.

சின்னமணி:

அதே ரோம் கச்சேரியில ஓ சோலே மியோ பாருங்க!! மூணு பேரும் மாத்தி மாத்தி பாடும்போது பவரோட்டி ஒரு இடத்துல திடீர்னு குரலை நடுக்கி ஒரு குலுக்கு குலுக்குவார், கூட்டம் துள்ளிடும். திரும்ப அதே பாட்டைப் பாடும்போது டொமிங்கோவும் கரேராஸும் சேர்ந்து அதே குலுக்கலை அவர் மாதிரியே செஞ்சு காட்டுவாங்க, அவர் முகத்தைப் பாக்கணும். கரேராஸ் ரத்தப் புற்றுநோய்ல இருந்து மீண்டு வந்த சமயம் அது, அவரைத் திரும்ப மேடைக்கு வரவேற்கற மாதிரிதான் அந்த கச்சேரியே. அது தெரிஞ்சு பார்த்தா மூணு பேரும் அவ்வளவு சந்தோஷமா விளையாடறது வேற மாதிரி தெரியும்.

ஜன்னலோரம்:

ராத்திரிக்காத்து தம்பி, அப்பாவைப் பத்தி எழுதியிருந்தீங்க, அதைப் படிச்சதும் நான் எழுதாம இருக்க முடியல, ஏன்னா பவரோட்டி கதையும் அப்பாகிட்ட இருந்துதான் தொடங்குது.

அவர் 1935 அக்டோபர் 12 இத்தாலியில மோடெனாங்கற ஊர்ல பிறந்தார். அப்பா ஃபெர்னாண்டோ பேக்கரியில ரொட்டி சுடறவர், அம்மா அடேலே சுருட்டு ஃபேக்டரியில வேலை. அப்பாவுக்கு அருமையான டெனர் குரல், ஆனா மேடைன்னா பயம், நடுக்கம் வந்துடும், அதனாலயே அதைத் தொழிலா எடுத்துக்கல. வீட்ல அந்தக் காலத்து பெரிய டெனர்களோட இசைத்தட்டு எல்லாம் வாங்கி வச்சு போட்டுட்டே இருப்பாராம், பையன் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தான். அதே ஃபேக்டரியில அடேலேயோட வேலை பார்த்த இன்னொரு அம்மாவோட பொண்ணுதான் மிரெல்லா ஃப்ரேனி. அம்மாக்கள் வேலைக்குப் போயிட்டதால ரெண்டு குழந்தைக்கும் ஒரே செவிலித்தாய்தான் பால் கொடுத்தாங்க. அந்த ரெண்டு குழந்தையும் வளர்ந்து உலகத்துல பெரிய டெனராவும் சோப்ரானோவாவும் (பெண்கள்ல மேல் ஸ்தாயி பாடறவங்க) ஆகி 'லா போஹேம்'ல காதலனும் காதலியுமா சேர்ந்து பாடினாங்க. 1972-ல கராயன்ங்கற கண்டக்டர் நடத்தி பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாசிச்ச அந்த ரெக்கார்டிங்க தேடிக் கேளுங்க, முதல் அங்கத்துல இருட்டுல அவ கையைத் தொட்டு எவ்வளவு சில்லுன்னு இருக்குன்னு ஆரம்பிக்கற பாட்டு, ஒரே தாய்ப்பால் குடிச்ச ரெண்டு குரல்னு தெரிஞ்சுட்டு கேட்டா எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

சின்ன வயசுல ஃபுட்பால் கோல்கீப்பர் ஆகணும்னு ஆசை. அம்மா சொன்னாங்கன்னு ஆசிரியர் பயிற்சி எடுத்து ரெண்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில பாடம் எடுத்தார், அப்புறம் இன்ஷூரன்ஸ் வித்தார். அரிகோ போலான்னு ஒரு குரு, இவங்க வீட்டு நிலைமை தெரிஞ்சு காசு வாங்காம சொல்லிக் கொடுத்தார். 1955-ல மோடெனா ஆண்கள் கோஷ்டியோட வேல்ஸ் நாட்ல லங்கோத்லன்ங்கற ஊருக்குப் போட்டிக்குப் போனாங்க, அப்பாவும் பையனும் ஒரே கோஷ்டியில, முதல் பரிசு. அதுதான் தன்னை முழு நேரப் பாடகனாக்கிச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தார், நாற்பது வருஷம் கழிச்சு 1995-ல அதே ஊருக்குத் திரும்பப் போய் பாடினார். தனியா முதல் ஓப்பரா 1961 ஏப்ரல் 29, ரெஜ்ஜோ எமிலியாவுல, அதுவும் லா போஹேம்தான்.

அந்த வெள்ளைக் கைக்குட்டை கதை தெரியுமா? 1973-ல அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல லிபர்ட்டிங்கற சின்ன ஊர்ல தனிக் கச்சேரி. ஓப்பரான்னா வேஷம் இருக்கும், கூட ஆள் இருக்கும், இங்க ஒரு பியானோவும் இவரும் மட்டும். அன்னிக்கு ஜலதோஷம் வேற, முகத்தைத் துடைச்சுக்க ஒரு கைக்குட்டை எடுத்துட்டுப் போனார், கையை எங்க வைக்கறதுன்னு தெரியாத ஆளுக்கு அது பெரிய பிடிமானமா ஆயிடுச்சு, அதுல இருந்து விடவே இல்ல. மேடைக்குப் பின்னாடி மரச்சட்டங்கள்ல இருந்து விழுந்து கிடக்கற வளைஞ்ச ஆணி கிடைச்சா நல்ல சகுனம்னு பாக்கெட்ல போட்டுக்குவார், கிடைக்கற வரைக்கும் தேடுவாராம். அப்பாவோட மேடை பயம் பையனுக்கும் இருந்துச்சுங்க. அவர் ஒரு கைக்குட்டையையும் ஆணியையும் பிடிச்சுக்கிட்டு அதைத் தாண்டிப் போனார், அவ்வளவுதான். நீங்க அந்த வீடியோவுல பார்த்தீங்களே, பாடி முடிச்ச உடனே முகம் இளகறது, அது என் கண்ணுக்கு தப்பிச்சுட்டோம்டாங்கற நிம்மதி மாதிரிதான் தெரியுது.

1991 ஜூலை 30 லண்டன் ஹைட் பார்க், இலவச கச்சேரி, கொட்டற மழை, ஒன்றரை லட்சம் பேர். பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குதுன்னு குடையை மடக்கச் சொன்னாங்க, முன்வரிசையில இளவரசி டயானாவும் மடக்கி வச்சுட்டு சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டே உட்கார்ந்து கேட்டாங்க. 1943-ல போர் சமயத்துல இவர் குடும்பமே மோடெனாவை விட்டு ஓடி ஒரு விவசாயி வீட்ல ஒத்தை ரூம்ல இருந்தவங்க, அதனால பின்னாடி போஸ்னியா போர்னு வந்தப்ப சும்மா இருக்க முடியல. மோடெனாவுல வருஷா வருஷம் ராக் பாப் ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டு நிதி கச்சேரி நடத்தினார், அந்தப் பணத்தோட சேர்த்து 1997-ல மோஸ்டார் நகரத்துல பிள்ளைங்களுக்கு ஒரு இசை மையமே திறந்தாங்க. தம்பி, குரலா ஆளான்னு கேட்டீங்க, எனக்கு அதைத் தனித்தனியா பிரிக்கத் தெரியல.

பழையதட்டு:

எல்லாம் சரிங்க, நானும் அவரை உயிரா நினைக்கறவன்தான், ஆனா முழுசா சொல்லணும்ல. அவர் கச்சேரியை கேன்சல் பண்றதுக்குப் பேர் போனவர். சிகாகோ லிரிக் ஓப்பராவுல ஒத்துக்கிட்ட 41 நிகழ்ச்சியில 26-ஐ கேன்சல் பண்ணினார், 1989-ல அவங்க இனிமே வேண்டாம்னு உறவையே முறிச்சுக்கிட்டாங்க. டிக்கெட் வாங்கிட்டு ஊர் விட்டு ஊர் வந்த ரசிகனை நினைச்சுப் பாருங்க. 1992 டிசம்பர்ல மிலான் லா ஸ்காலாவுல 'டான் கார்லோ', ஒரு இடத்துல குரல் உடைஞ்சு போச்சு, மேல் கேலரியில இருந்து கூவி அவமானப்படுத்தினாங்க. 2006 பிப்ரவரி டூரின் ஒலிம்பிக் தொடக்க விழாவுல பாடின நெஸ்ஸூன் டோர்மாதான் கடைசி மேடை, அது முன்னாடியே ரெக்கார்ட் பண்ணினதுன்னு கூட இருந்த கண்டக்டர் லியோனே மஜியேராவே பின்னாடி எழுதினார்.

இதை எல்லாம் சொல்றது குறை கண்டுபிடிக்க இல்ல. புதுசா கேக்கறவங்க மைதானக் கச்சேரி வீடியோவை மட்டும் பார்த்துட்டு அதுதான் பவரோட்டின்னு நினைச்சுடக் கூடாதுங்கறதுதான் என் கவலை. குரல் உச்சத்துல இருந்தது 1965-ல இருந்து ஒரு பதினைஞ்சு வருஷம். நெஸ்ஸூன் டோர்மாவே கேக்கணும்னாலும் 1972-ல சதர்லேண்டோட ரெக்கார்ட் பண்ணின, அந்தப் பாட்டு வர்ற முழு ஓப்பரா 'டுராண்டோட்' இருக்கு, ஜுபின் மேத்தா நடத்தினது, ரோம்லயும் அதே மேத்தாதான். 1990 உலகக்கோப்பைக்கு பிபிசி எடுத்துப் போட்டு இங்கிலாந்து பாப் பட்டியல்ல ரெண்டாம் இடம் வரைக்கும் போனதும் அந்த 72 குரல்தான். கதையில அது எங்க வருதுன்னு தெரிஞ்சா இன்னும் பிடிக்கும், விடியறதுக்குள்ள இந்த அன்னியன் பேரைக் கண்டுபிடிக்கணும், ஊர்ல யாரும் தூங்கக் கூடாதுன்னு இளவரசி உத்தரவு போட்டிருக்கா, ஊரே கலங்கிக் கிடக்கற ராத்திரியில இவன் ஒருத்தன் மட்டும் விடியட்டும், நான் ஜெயிப்பேன்னு பாடறான். தூக்கம் வராத ராத்திரியில இந்தப் பாட்டு உங்க கண்ணுல பட்டுச்சு பாருங்க!

இன்னொண்ணு, 'லெலிசிர் தமோரே'ல ஊனா ஃபுர்டீவா லாக்ரிமா கட்டாயம் கேளுங்க. சத்தமே இல்லாத பாட்டு. பஸூன்ங்கற ஊதுகருவி தனியா ஒரு சோகமான மெட்டை எடுக்கும், அப்புறம் இவர் ரொம்ப மெல்ல, அவ கண்ணுல ரகசியமா ஒரு துளி கண்ணீரைப் பார்த்தேன்னு ஆரம்பிப்பார். ஹை சி எதுவும் கிடையாது, சாகசம் கிடையாது. ஒண்ணும் தெரியாத ஒரு கிராமத்துப் பையன், தன்னையும் ஒருத்தி நேசிக்கறாள்னு முதல் தடவையா உணர்ற நிமிஷம். 1988 பிப்ரவரி 24 பெர்லின்ல இந்த ஓப்பரா முடிஞ்சதும் 1 மணி 7 நிமிஷம் கைதட்டல், 165 தடவை திரை ஏறி இறங்கிச்சு, கின்னஸ்ல இருக்கு. கேன்சல் பண்ணி ஏமாத்தின அதே மனுஷனுக்காகத்தான் ஜனம் ஒரு மணி நேரம் எழுந்து போகாம நின்னுச்சு.

மேல்ஷட்ஜமம்:

பழையதட்டு சொன்னதை ஒத்துக்கறேன், 72 ரெக்கார்டிங்தான் குரலுக்கு. கேன்சல் விஷயத்துல மட்டும் ஒரு வார்த்தை. குரல்ங்கறது உடம்புக்குள்ள இருக்கற வாத்தியம், சளி பிடிச்சா மாத்து வாத்தியம் எடுக்க முடியாது. நான் ஒரு தடவை தொண்டை கட்டினதோட பாடிட்டு ரெண்டு மாசம் வாயைத் திறக்க முடியாம இருந்தேன். 41-ல 26 அதிகம்தான், ரசிகனுக்குக் கோபம் வரது நியாயம்தான். ஆனா அதுக்குப் பின்னாடி சோம்பேறித்தனம் மட்டும்தான் இருந்துச்சுன்னு என்னால நினைக்க முடியல, ஜன்னலோரம் அக்கா சொன்ன அந்த பயமும் இருந்திருக்கும்.

ஜன்னலோரம்:

அதேதான். தம்பி, இன்னொரு பாட்டு சொல்ல மறந்துட்டேன். அவர் 2007 செப்டம்பர் 6 கணையப் புற்றுநோய்ல மோடெனாவுலயே இறந்தார். ரெண்டு நாள் கழிச்சு மோடெனா கதீட்ரல்ல அடக்கச் சடங்கு, அங்க ஒரு பழைய ரெக்கார்டிங் போட்டாங்க. 1978-ல அவரும் அப்பா ஃபெர்னாண்டோவும் சேர்ந்து பாடின 'பானிஸ் ஏஞ்செலிகஸ்'. கேட்டு முடிச்சதும் அந்த கதீட்ரல்ல இருந்தவங்க எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. நீங்க கேளுங்க. தனியா இருக்கும்போது கேளுங்க.

ராத்திரிக்காத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. மேல்ஷட்ஜமம் அண்ணா சொன்ன மாதிரி பி-யில இருந்து ஏ-க்கு இறங்கற இடத்தை மட்டும் கவனிச்சுக் கேட்டேன், இத்தனை நாள் அதைக் கவனிக்காம விட்டிருக்கேன், இப்ப எனக்கு உச்சத்தைவிட அந்த இறக்கம்தான் பிடிச்சிருக்கு. பஸூன் பாட்டும் கேட்டேன், பழையதட்டு சார், அதைப் பத்தி தனியா எழுதணும்.

அப்பாவும் பையனும் பாடினதை நேத்து ராத்திரி கேட்டேன். அக்கா, முதல்ல எது அப்பா எது பையன்னு எனக்கு சட்டுன்னு தெரியல. ரெண்டு மூணு தடவை கேட்டப்புறம்தான் பிடிபட்டுச்சு, பையன் குரல் அப்பாவை மூடிடாம ஒரு அடி பின்னாடியே நடந்து வர மாதிரி எனக்குக் கேட்டுச்சு. உலகத்தையே நிரப்பின குரல் அது. எங்க அப்பா பாடினது ஒண்ணே ஒண்ணு என் பழைய ஃபோன்ல இருக்கு, சமையல் பண்ணிக்கிட்டே பாடினது, பாதியில நான் பேசிக் கெடுத்திருப்பேன். ஒரு வருஷமா அதைத் திறக்கவே இல்ல. நேத்து திறந்து முழுசா கேட்டேன்.